விருது, உதவித்தொகை, ஸ்பான்சர்ஷிப், பாண்ட்: கிறித்துவ நர்சிங் கல்லூரியில் சேருமுன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு நர்சிங் விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. ‘ஸ்காலர்ஷிப் உண்டு’, ‘ஸ்பான்சர் சீட்’, ‘படிக்கும்போதே ஸ்டைபண்ட்’, ‘சிறந்த மாணவர் விருது’ என்று எல்லாம் ஒரே நோட்டீஸில் இருக்கும். குடும்பங்கள் இவற்றை மொத்தமாகக் கூட்டி, ஏறக்குறைய இலவசப் படிப்பு என்று கணக்குப் போட்டுவிடுகின்றன. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்டு வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. மிஷன் மருத்துவமனைகளை ஒட்டி வளர்ந்த கிறித்துவ நர்சிங் கல்லூரிகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே பணமும் சேவையும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பின்னிக் கிடக்கின்றன. வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) நடத்தும் செவிலியர் கல்லூரியை முன்வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒட்டுமொத்த அமைப்பும் அங்கே தெளிவாகத் தெரியும்.

முதலில் சொற்கள்

1. விருது: படிப்பில் அல்லது வார்டில் காட்டிய திறமைக்காக, காரியம் முடிந்த பிறகு தரப்படுவது. பதக்கம், சான்றிதழ், புத்தகம், சிறு தொகை. கட்டணம் கட்ட உதவாது.
2. உதவித்தொகை: அரசோ அறக்கட்டளையோ தருவது. வருமானம், சமூகப் பிரிவு, மதிப்பெண் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ நிபந்தனையாக இருக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
3. கட்டணச் சலுகை: கல்லூரி தன் கட்டணத்திலிருந்து கழித்துக்கொள்வது. உங்கள் கைக்குப் பணம் வராது. கல்விக் கட்டணத்தில் மட்டுமா, விடுதி, மெஸ், சீருடை, தேர்வுக் கட்டணத்துக்கும் சேர்த்தா என்று கேட்காவிட்டால் ஏமாற்றம்தான்.
4. ஸ்பான்சர்ஷிப்: ஒரு திருச்சபையோ மிஷன் அமைப்போ ‘இவர் எங்கள் ஆள்’ என்று பரிந்துரைத்துப் பொறுப்பேற்பது. இது பணமாக இருந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. மிகப் பெரிய குழப்பம் இந்தச் சொல்லில்தான்; பின்னால் விரிவாகப் பார்ப்போம்.
5. ஸ்டைபண்ட்: பயிற்சிக் காலத்தில் செய்யும் வேலைக்கான படி. எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. கிடைக்கும் இடத்திலும் பெரும்பாலும் கடைசிக் கட்டப் பயிற்சிக்கு மட்டும்.

நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வரியையும் இந்த ஐந்தில் ஒன்றில் போட்டுப் பாருங்கள். எதிலும் அடங்காத வரி வெறும் விளம்பரம்.

மிஷன் மருத்துவமனையும் நர்சிங் பள்ளியும்

அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. மருத்துவமனை வளர்ந்தபோது டாக்டரைவிட முதலில் தட்டுப்பாடானது படுக்கையருகே நிற்கும் கைகள்தான். அதனால் 1909-ல் அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. அதாவது வேலூரில் டாக்டர் படிப்புக்கு ஒன்பது ஆண்டு முந்தையது நர்ஸ் படிப்பு. 1946-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆனது. அதே ஆண்டு டெல்லியிலும் நர்சிங் கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் பட்டப் படிப்பு இந்த இரண்டு இடங்களில்தான் வேர் பிடித்தது. இன்று வேலூர்க் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

இந்தப் பழங்கதை இங்கே எதற்கு என்றால், இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிளைக்கின்றன. ஒன்று, இத்தகைய கல்லூரிகள் மருத்துவமனையின் தேவைக்காகப் பிறந்தவை. மருத்துவமனை வருமானம் படிப்புக்கு மானியமாகப் போகும். படித்து முடித்தவர் மருத்துவமனைக்குத் திரும்ப உழைப்பார். சி.எம்.சி. தன் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கல்விக் கட்டணத்தை நெடுங்காலம் 3,000 ரூபாய் அளவில் வைத்திருக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். குறைந்த கட்டணமும் சேவை நிபந்தனையும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு, பயிற்சிக்களம் சொந்தமாக இருக்கிறது. நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பல தனியார் கல்லூரிகள் இந்த நூறை எட்டவே திணறி, மாணவர்களை வேன் வைத்து வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றிப் போகின்றன. வேலூரில் 2,000-க்கு மேற்பட்ட படுக்கைகள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கிராமப் பணிக்கு நர்சிங் கல்லூரியே நடத்தும் சமுதாய நலத் திட்டம் இருக்கிறது. கே.வி. குப்பத்தில் 1977 முதல் இயங்கும் ரூசா என்ற சி.எம்.சி.யின் கிராமச் சுகாதார மையம் இருக்கிறது. கல்லூரியை எடைபோட, கட்டடத்தின் படத்தைவிடத் தாய் மருத்துவமனையில் இன்று எத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்ற கேள்வி நல்ல எடைக்கல்.

எந்தப் படிப்பு, எவ்வளவு காலம், எந்தப் பதிவு

நர்சிங்கில் பட்டத்தைவிட முக்கியமானது பதிவு. மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறினால்தான் சட்டப்படி நர்ஸ். தமிழ்நாட்டில் அது 1926-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். ஒரு படிப்பைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முடித்தால் எந்தப் பதிவு கிடைக்கும்?

1. ஏ.என்.எம்.: 2 ஆண்டு. எந்தக் குரூப்பில் பிளஸ் டூ படித்திருந்தாலும் சேரலாம். துணைச் செவிலியர், தாதி என்று பதிவாகும். கிராமச் சுகாதாரப் பணிகளுக்கான படிப்பு இது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது.

2. ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், தாதியம்): 3 ஆண்டு, அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அறிவியல் குரூப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் இருந்தால் தகுதி உண்டு. இது பட்டயம். முடித்தவர் பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற தாதி. ‘ஜி.என்.எம்.-ஐ மூடப் போகிறார்கள்’ என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

3. பி.எஸ்சி. நர்சிங்: 4 ஆண்டு, 8 செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்த பிள்ளை ஒரே மாத வித்தியாசத்தில் ஓராண்டு காத்திருக்க நேர்வது இந்த விதியால்தான்.

4. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.: 2 ஆண்டு. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் பட்டம் பெறும் வழி. ஆக, ஜி.என்.எம்.-ல் சேர்ந்தால் பட்டத்துக்கு வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்; ஓராண்டு கூடுதலாகும், அவ்வளவுதான்.

5. எம்.எஸ்சி. நர்சிங்: 2 ஆண்டு. பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. ஆசிரியப் பணிக்குப் போக நினைப்பவர்கள் இந்த 55-ஐ முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கில் வைக்க வேண்டும். மதிப்பெண் தளர்வு இல்லாத பிரிவில் 53-ல் பட்டம் முடித்தவர் பின்னால் எத்தனை ஆண்டு அனுபவம் சேர்த்தாலும் இந்தக் கதவு திறக்காது.

6. சிறப்புப் பிரிவுகள்: தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, புற்றுநோய், பச்சிளங் குழந்தை போன்றவற்றில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் உண்டு. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்பது 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. பெரிய தாய் மருத்துவமனை உள்ள கல்லூரிகளுக்கே இவை பொருந்தும். நோயாளிகள் இல்லாத இடத்தில் தீவிர சிகிச்சை கற்க முடியாது.

இந்தப் பட்டியலுக்கு வெளியே ஆறு மாதம், ஓராண்டு என்று ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’, ‘டிப்ளமோ இன் நர்சிங்’ என்ற பெயர்களில் நடக்கும் படிப்புகள் ஏராளம். நல்ல மருத்துவமனைகளே உதவியாளர் பயிற்சி நடத்துவதுண்டு, வேலையும் கிடைக்கும். ஆனால் கவுன்சில் பதிவு கிடைக்காது. அங்கே செலவான ஓராண்டு பிறகு ஜி.என்.எம்., பி.எஸ்சி. படிப்புக் காலத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. பெயரில் ‘டிப்ளமோ’ இருப்பதை நம்பிச் சேர்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

ஜி.என்.எம்.-க்கு இன்னொரு நுணுக்கம். தென்னிந்தியாவில் பல மிஷன் செவிலியர் பள்ளிகளுக்குத் தேர்வு நடத்துவது அரசுத் தேர்வு வாரியம் அல்ல. இந்தியக் கிறித்துவ மருத்துவச் சங்கத்தின் செவிலியர் கல்வி வாரியம், தென்னிந்தியக் கிளை. நர்சிங் கவுன்சில் ஏற்ற வாரியம்தான் இது. மதிப்பெண் பட்டியலில் அரசு முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். ஆனால் வெளிநாட்டுக்குச் சான்றுகளைச் சரிபார்ப்புக்கு அனுப்பும்போது பள்ளி, வாரியம், மாநிலக் குழுமம் என மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டியிருக்கும். கால அவகாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலைச் சந்தையில் ஜி.என்.எம்.-க்கும் பி.எஸ்சி.க்கும் வேறுபாடு எங்கே தெரிகிறது? தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கு ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டுமே செல்லும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் நேராக விண்ணப்பிக்கலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். சிறு கிளினிக்கில் வேலை பார்த்த ஆண்டுகள் இதில் சேராது.

பி.எஸ்சி.க்குள் என்ன நடக்கிறது

விருதுகளைப் புரிந்துகொள்ள மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். 2021-ல் வந்த புதிய விதிமுறைப்படி படிப்பு செமஸ்டர், கிரெடிட் முறைக்கு மாறியது. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் 20 மணி நேரம், பயிற்சிக்கூடத்தில் 40, வார்டில் 80. வயதுவந்தோர் செவிலியம் முதல் பகுதியை எடுத்துக்கொண்டால் வகுப்பு 140 மணி, வார்டு 480 மணி. எட்டாம் செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப், வாரத்துக்கு 48 மணி. நர்சிங் என்றால் மனப்பாடம் என்று நினைத்து வருபவர்களுக்கு இந்த மணிக்கணக்கே பதில்.

எழுத்துத் தேர்வில் அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. செய்முறையில் அகமதிப்பீடும் தேர்வும் ஐம்பதுக்கு ஐம்பது. ஆக, வார்டில் தினமும் எப்படி வேலை செய்தீர்கள் என்பதே செய்முறை மதிப்பெண்ணில் பாதி. தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். தேர்வு எழுத வகுப்பிலும் செய்முறையிலும் தனித்தனியே 80 சதவீத வருகை இருக்க வேண்டும். பட்டம் கைக்கு வருமுன் வார்டு நேரம் 100 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. டைபாய்டு வந்து மூன்று வாரம் வீட்டுக்குப் போனால் 80-க்குள் சமாளித்துத் தேர்வு எழுதிவிடலாம். ஆனால் அந்த வார்டு நாட்களை விடுமுறையில் வந்து ஈடுகட்டியே தீர வேண்டும். படிப்பை முடிக்க உச்சவரம்பு 8 ஆண்டு.

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் முதல் செமஸ்டர். உடற்கூறியலும் உடலியலும் ஆங்கிலத்தில், ஒரே நேரத்தில், முழு வேகத்தில் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குப் பாடம் புரியாமல் போவது குறைவு. சொல் வசப்படாமல் போவதுதான் அதிகம். தேர்வு முடிவு வந்த மே மாதத்திலேயே எலும்பு, தசை, உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைப் படத்தோடு எழுதிப் பழகினால் பாதிச் சிரமம் குறையும். இங்கே விழும் ஒரு அரியர் பின்னால் விருதுப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடும். எப்படி என்பது அடுத்த பகுதியில்.

விருதுகள் எப்படி முடிவாகின்றன

ஒரு கிறித்துவ நர்சிங் கல்லூரியின் பட்டமளிப்பு நிகழ்ச்சி நிரலை எடுத்தால் விருதுகள் சில அடுக்குகளாக இருக்கும்.

1. பல்கலைக்கழகப் பதக்கம். மாநிலம் முழுக்க இணைவுக் கல்லூரி மாணவர்களோடு போட்டி. மொத்த மதிப்பெண் அல்லது குறிப்பிட்ட பாடத்தில் முதலிடம். பொதுவாக எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும்.

2. பாடவாரியான நன்மதிப்பு விருது. சமுதாயச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும். பெரும்பாலும் பழைய மாணவர்களோ ஓய்வுபெற்ற ஆசிரியர் நினைவாக அவர் குடும்பமோ நிறுவியவை.

3. படுக்கையருகு செவிலியத்துக்கான விருது. மதிப்பெண் பட்டியலில் முதலிடம் வருபவருக்கே இது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வார்டு சிஸ்டர்கள், மருத்துவப் பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் மதிப்பீட்டுத் தாள்களைச் சேர்த்து முடிவு செய்வார்கள். படுத்த படுக்கையான நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் போட்டதும், மருந்தின் பெயர், அளவு, நேரம், வழி, ஆள் என ஐந்தையும் சரிபார்த்ததும், இரவுப் பணி மாறும்போது சரியாகக் கைமாற்றிச் சொன்னதும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நர்சுகள் தங்களுக்குள் அதிகம் மதிப்பது இந்த விருதைத்தான். அதில் நியாயம் இருக்கிறது.

4. ஆண்டின் சிறந்த மாணவர். படிப்பு, வார்டு, நடத்தை, விடுதி வாழ்க்கை, மாணவர் சங்கப் பணி எல்லாம் கூட்டி. மிஷன் கல்லூரிகளில் சேப்பல், கிராமப் பணி, தன்னார்வச் சேவையில் பங்கும் எடைபோடப்படலாம். விதியைக் கல்லூரிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. மாணவர் செவிலியர் சங்கப் போட்டிகள். 1908-ல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் மாணவர் பிரிவு இது. கல்லூரி அளவில் தொடங்கி மாநில, தேசிய மாநாடுகள் வரை போகும் போட்டிகள். வேலை விண்ணப்பத்தில் நன்றாக எடுபடும்.

தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973-ல் மத்திய சுகாதார அமைச்சகம் நிறுவியது. அது பணியில் உள்ள செவிலியர்களுக்கானது. மாணவர்களுக்கு அதைத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த விருதுகளின் பணமதிப்பு ஏன் சிறியது? ஒருவர் 1 லட்ச ரூபாய் கல்லூரியில் வைப்பாக வைக்கிறார் என்று கொள்வோம். அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் பரிசு. 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். பதக்கம் செய்யவும் சான்றிதழுக்கும் போக மிச்சம்தான் ரொக்கம். முப்பது ஆண்டுக்கு முன் 10,000 ரூபாயில் நிறுவிய பரிசு இன்று 700 ரூபாய். ஒரு நல்ல பாடப்புத்தகம்கூட வராது. கல்லூரியின் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம், அசல் அவ்வளவுதான். ஆகவே விருதை எதிர்பார்த்துக் கட்டணத் திட்டம் போடக் கூடாது. உதவித்தொகைதான் திட்டத்தில் வர வேண்டியது.

ஒரே கல்லூரி, இரண்டு கதவுகள்

அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அதற்காக அரசு விதிகள் எதுவும் பொருந்தாது என்று அர்த்தமில்லை. வேலூர் சி.எம்.சி. தொடுத்த வழக்கிலேயே 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மருத்துவப் படிப்புக்கான நீட் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

நர்சிங்குக்கு நீட் வேண்டுமா என்பது அடுத்த சந்தேகம். தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. ராணுவ நர்சிங் கல்லூரிகளும் ஜிப்மரும் நீட் மதிப்பெண் கேட்கின்றன. எய்ம்ஸ் தனித் தேர்வு நடத்துகிறது. 1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருப்பதால், சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்ப்பதே பாதுகாப்பு. அண்ணன் சேர்ந்தபோது இருந்த விதியை வைத்துத் தங்கைக்கு முடிவெடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் சுயநிதி நர்சிங் கல்லூரிகள் தங்கள் இடங்களில் ஒரு பங்கை அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம், மற்றவை 65 சதவீதம். மீதியை மேலாண்மை ஒதுக்கீடாகக் கல்லூரி நிரப்பும். ஆக, பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரும் இருவர் வேறு வேறு கதவு வழியாக வந்திருப்பார்கள். பட்டத்தில் வேறுபாடு இல்லை. கட்டணத்திலும் உதவித்தொகையிலும் உண்டு. மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்கு அரசின் கல்வி உதவித்தொகை மறுக்கப்படவோ குறையவோ வாய்ப்பு அதிகம். ‘கலந்தாய்வு எதற்கு, நேரா சீட் தர்றோம்’ என்று ஏஜென்ட் சொல்லும்போது அந்த வசதியின் விலை இதுதான்.

எந்த உதவித்தொகை யாருக்கு

*பட்டியல் சாதி, பழங்குடியினர்.* போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு. மத்தியப் பங்கு ஆதார் இணைத்த மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். அதைக் கல்லூரியில் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. வீட்டில் அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டால் கல்லூரிக் கணக்கில் அது பாக்கியாக நிற்கும். சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

*மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர்.* கிறித்துவக் கல்லூரிகளில் அதிகம் தடுமாற்றம் தரும் பிரிவு இதுதான். 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் விரிந்தது. கிறித்துவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனால் கல்வி உதவித்தொகையைப் பொறுத்தவரை மாநில அரசு தன் சொந்த நிதியில் அவர்களையும் ஆதிதிராவிடர் நலத் துறை வழியாகவே சேர்த்துக்கொள்கிறது. இடஒதுக்கீட்டுக்கு ஒரு பிரிவு, உதவித்தொகைக்கு வேறு துறை. இது தெரியாமல் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் நடந்து ஓராண்டை விடுபவர்கள் உண்டு. சாதிச் சான்றில் உள்ள வாசகமும் விண்ணப்பத்தில் தேர்வு செய்யும் பிரிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சான்றில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவில் ஒன்று, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் சேர்க்கைக்கு முன்பே தாசில்தார் அலுவலகத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

*புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்.* 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பட்டயப் படிப்புக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும். பள்ளியில் தந்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்) தேவை. நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். எந்த விருதும் இதற்குப் பக்கத்தில் வராது.

*சிறுபான்மையினர்.* மத்திய அரசின் தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் அந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய புரோஸ்பெக்டஸில் பெயர் இருப்பதால் மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

*வங்கிக் கடன்.* மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை இல்லை, 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சேர்ந்த வட்டிக்கு மத்திய மானியம் கேட்கலாம். வருமானச் சான்றை வங்கியில் கடன் வாங்கும்போதே கொடுங்கள். பிறகு கொடுத்தால் முதல் ஆண்டு வட்டி ஏறிவிடும்.

ஸ்பான்சர்ஷிப்பும் பாண்டும்

வேலூர் போன்ற கல்லூரியில் ‘ஸ்பான்சர்’ என்றால் அதை நடத்தும் சங்கத்தில் உறுப்பான திருச்சபையோ மிஷன் அமைப்போ ஒரு விண்ணப்பதாரரைப் பரிந்துரைப்பது. திருச்சபைக்குத் தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி, சில இடங்களில் தனி நேர்காணல். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். போதகரின் கடிதம் மட்டும் போதும் என்று நினைத்துக் கோட்டைவிடுகிறார்கள். மறைமாவட்ட அல்லது பேராய அலுவலகத்தின் முறையான ஒப்புதல் தேவைப்படும். பரிந்துரை வந்தால் அந்த அமைப்பின் ஒதுக்கீட்டுக்குள் போட்டியிடலாம். இடம் உறுதி என்று பொருளில்லை. கட்டணத்தை அமைப்பு கட்டும் என்றும் பொருளில்லை. சில கட்டும், சில ஒரு பகுதி தரும், சில பரிந்துரையோடு நிறுத்திக்கொள்ளும்.

பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் அந்த அமைப்பின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம், பொதுவாக 2 ஆண்டு, வேலை செய்ய வேண்டும். இதற்கு எழுதித் தரும் ஒப்பந்தம்தான் பாண்ட். பெரும்பாலும் அந்த மருத்துவமனை இருப்பது சிறு ஊர். டாக்டர் ஒருவரோ இருவரோ இருக்கும் இடத்தில் பிரசவம், அவசர சிகிச்சை, மருந்தகம் எல்லாம் நர்ஸ் கையில் வரும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் அரிது. சம்பளம் மட்டும் நகரத்தோடு ஒப்பிட முடியாது.

கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் பெற வேண்டிய பதில்கள்:

1. சேவைக் காலம் எந்தத் தேதியிலிருந்து கணக்கு: இறுதித் தேர்வு முடிந்ததிலிருந்தா, கவுன்சில் பதிவு வந்ததிலிருந்தா? இடையில் சில மாதம் நழுவும்.
2. அந்தக் காலச் சம்பளம், விடுதி, உணவு எவ்வளவு?
3. இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? மீதமுள்ள மாதத்துக்கு விகிதப்படி குறையுமா, முழுத் தொகையா?
4. எம்.எஸ்சி.யோ போஸ்ட் பேசிக்கோ கிடைத்தால் சேவையை ஒத்திவைக்கலாமா? எம்.எஸ்சி.க்கு ஓராண்டு அனுபவம் தேவை என்பதால் பாண்ட் காலமே அந்த அனுபவமாகச் சேரும். அனுபவச் சான்றை அந்த நோக்கத்தோடு கேட்டு வாங்குங்கள்.
5. அசல் சான்றிதழ்களை யார் வைத்திருப்பார்கள்? பதிவுக்கும் கடன் வங்கிக்கும் அசல் தேவைப்படும்போது எத்தனை நாளில் தருவார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு வாய்மொழியாக ‘பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், சேர்க்கை நாளன்றே ஒப்படைத்த ஒவ்வொரு சான்றின் பெயர், எண்ணோடு அலுவலக முத்திரையிட்ட ரசீது கேட்டு வாங்கிவிடுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று மூன்றுக்கும் தலா ஐந்து நகல், ஒரு மின்நகல் வீட்டில் இருக்கட்டும். முதல் ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் திறக்கும்போது அசல்கள் கல்லூரி அலமாரியில் இருக்கும்.